நாற்பத்தொரு ‘இல்லை’

இதை எழுதுகிறவன் தேவகிருபையை முதன்முதலில் பார்த்தது ஆம்பூர் பைபாஸை ஒட்டிய ஒரு ஷூ கம்பெனியின் வரவேற்பறையில். டைம் ஆபீஸ் வேலைக்கு நேர்காணல் என்று கலவைப் பக்கத்திலிருந்து முதல் பஸ் பிடித்து, ஆற்காட்டிலும் வேலூரிலும் மாறி வந்திருந்தான். பையில் பி.எஸ்சி. பட்டம். அவன் வம்சத்தில் அதுதான் முதல் பட்டம். கசங்கிவிடக் கூடாதென்று இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்துக் கொண்டு வந்திருந்தான். அதை யாரும் கேட்கவில்லை. ஒரு பெண் அவன் கையில் டேப்லெட்டைக் கொடுத்து, இதை ஆடி முடித்தால்தான் உள்ளே விடுவார்கள் என்றாள்.

படக்கதை மாதிரி ஒரு விளையாட்டு. ஜெயந்தி என்றொரு பெண் ஷூ கம்பெனிக்கு முதல் நாள் வேலைக்கு வருகிறாள். படத்துக்குக் கீழே அவள் பேசுவது எழுத்தில் வரும். அங்கங்கே கதை நின்று, இப்போது ஜெயந்தி என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும். நாம் தொடுகிற பதிலைப் பொறுத்துக் கதை திரும்பும். அவன் ஆடி முடிக்கிற வரைக்கும் அந்தப் பெண் பின்னாலேயே நின்றாள். திரையைப் பார்க்கவில்லை. அவன் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஜேப்படிக்காரன் விரலைப் பார்ப்பது மாதிரி. வேலை கிடைத்து, அவளுக்கு இரண்டு மேசை தள்ளி ஆறு மாதம் உட்கார்ந்த பிறகுதான் அந்தப் பார்வை எங்கிருந்து வந்தது என்று அவனுக்குத் தெரிந்தது. பாதி அவளே சொன்னது. மீதி மற்றவர்கள் சொன்னது.

தேவகிருபைக்கு வயது முப்பத்தொன்று. அப்பா சுந்தர்ராஜ் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் வாட்ச்மேன். பிளஸ் டூ முடித்த கையோடு இந்தக் கம்பெனிக்கு நூல் வெட்ட வந்தாள். இரண்டு வருடத்தில் செக்கர் ஆனாள். லைனில் தைத்து வரும் ஜோடியைக் கவிழ்த்துப் பார்த்து, இழுத்துப் பார்த்து, நகத்தால் கீறிப் பார்த்து, சரியென்றால் தள்ளுவதும் இல்லையென்றால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவதும் செக்கர் வேலை. பார்த்தவுடன் நன்றாக இருக்கிற ஜோடியைத்தான் அவள் ஜாஸ்தி நேரம் புரட்டுவாள். லைனில் அவளுக்கு ‘சி.ஐ.டி. கிருபை’ என்று பெயர். அவள் கல்யாணத்துக்குத் தாலியையே புரட்டிப் பார்த்துத்தான் கழுத்தை நீட்டுவாள் என்று ஸ்டிச்சிங் பெண்கள் பேசிக்கொள்வார்கள். கல்யாணம் ஆகவில்லை. வந்த இரண்டு வரனையும் அவளே விசாரித்து அவளே ரிஜெக்ட் செய்துவிட்டதாகக் கேள்வி.

கம்பெனி பஸ்ஸில் போக வர ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தில் போனில் இப்படிப்பட்ட கதை விளையாட்டுகளை இங்கிலீஷில் ஆடுவாள். புரியாத வார்த்தையை எழுதி வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை அர்த்தம் தேடுவாள். தபாலில் பி.சி.ஏ. படித்து முடித்தாள், சுந்தர்ராஜ் வீட்டில் யாரும் அதுவரை காலேஜ் பக்கம் போனதில்லை. இப்படிக் கதை விளையாட்டு செய்வதற்கென்றே இலவசமாகக் கிடைக்கிற மென்பொருளை இறக்கி, கோடை விடுமுறையில் சர்ச்சுக்கு வரும் பிள்ளைகளுக்காகத் தமிழில் ஒன்று செய்தாள். சந்தைக்குப் போகிற பையன் வழியில் பொய் சொல்வதா வேண்டாமா என்று பிள்ளைகள் முடிவு செய்ய வேண்டும். அவன் முதலில் சொன்ன பொய்யைக் கதை ஞாபகம் வைத்திருந்து கடைசியில் அவனை மாட்டிவிடும். பிள்ளைகள் அதற்காகவே திரும்பத் திரும்ப ஆடினார்கள்.

அந்த ஞாபகம்தான் இந்த விளையாட்டுகளின் உயிர். பிளஸ் டூ கம்ப்யூட்டர் புத்தகத்தில் அதை ‘மாறி’ என்று படித்திருப்போம். ‘பொய் சொன்னானா’ என்று பெயர் எழுதிய ஒரு டப்பா. அதற்குள் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று ஒரு சீட்டு. திரையில் பட்டனைத் தொட்டால் டப்பாவில் சீட்டு மாறும். இதை இரண்டு விதமாகச் செய்யலாம். உள்ளே எது இருந்தாலும் சரி, ‘ஆம்’ சீட்டைப் போடு என்று பட்டனுக்குச் சொல்வது ஒன்று. எது இருக்கிறதோ அதைத் திருப்பிப் போடு என்று சொல்வது இன்னொன்று. முதலாவது ஆணி அடிப்பது மாதிரி. எத்தனை தடவை அடித்தாலும் ஆணி உள்ளேதான் போகும். இரண்டாவது லைட் சுவிட்ச் மாதிரி.

ஹெச்.ஆர். மேனேஜர் வக்கார் அகமது காதுக்கு இவள் விளையாட்டு செய்கிற செய்தி போயிற்று. புதிதாக வருகிறவர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுத்தால் பாதிப் பேர் தூங்குகிறார்கள் என்பது அவருடைய நெடுநாள் பேஜார். அவளைக் கூப்பிட்டு ஆறு மாதத்துக்குத் தற்காலிக ஆர்டர் கொடுத்துப் பயிற்சி அறையில் உட்காரவைத்தார். ஷூ வாங்குகிற வெளிநாட்டு பையர் கம்பெனியைச் சோதிக்க வரும் ஆடிட் நல்லபடியாக முடிந்தால் நிரந்தரம் என்றார். லைனிலிருந்து எழுந்து ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண் அவள்தான்.

ஜெயந்தி கதை அப்படித்தான் பிறந்தது. கதை முடிந்ததும் கடைசிப் பக்கத்தில் மூன்று படங்கள்: மாஸ்க், கையுறை, அவசர வழி. இவை உங்களுக்குத் தரப்பட்டதா, காட்டப்பட்டதா என்று கேள்வி. ஆமென்றால் படத்தைத் தொட வேண்டும். ‘டிங்’ என்று சத்தம் வந்து படத்தின் மேல் பச்சைக் குறி மெல்ல மலரும். தவறித் தொட்டுவிட்டால் மறுபடி தொட்டு எடுத்துவிடலாம். தொடாமல் விட்டால் ‘இல்லை’ என்று பதிவாகும். ஒரே வரியில் போடவும் எடுக்கவும் முடிகிறதே என்று திருப்பிப் போடுகிற பட்டனையே வைத்தாள். இருபது தடவை தானே ஆடிப் பார்த்தாள். சரியாகத்தான் வேலை செய்தது.

ஆடிட்டுக்கு மூன்று வாரம் இருக்கும்போது எல்லாப் பிரிவுக்கும் டேப்லெட் போயிற்று. டீ நேரத்தில் ஒவ்வொருவராக ஆட வேண்டும். பிரிவுக்கு ஒருவர் டேப்லெட்டுக்குப் பொறுப்பு. கட்டிங், ஸ்டிச்சிங், ஃபினிஷிங் எல்லாவற்றிலும் பச்சை. பேஸ்டிங் லைனில் மட்டும், சொல்யூஷன் என்கிற பசையைத் தடவி ஒட்டுகிற நாற்பத்தாறு பெண்களில், நாற்பத்தொரு பேர் மாஸ்க் தரப்படவில்லை என்று சொல்லியிருந்தார்கள். கையுறைக்கும் வழிக்கும்கூட அங்கொன்று இங்கொன்று தவிர ‘இல்லை’தான். ‘ஆம்’ சொன்ன ஐந்து பேரும் வேலைக்கு வந்து இரண்டு மாதம் ஆகாதவர்கள்.

வக்கார் அகமது அந்த ஐந்து பெயரை விரலால் தட்டிக் காட்டினார். “புதுசா வந்ததுங்க. இன்னும் யார் பேச்சையும் கேக்கப் பழகல. மத்ததுங்களுக்கு யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க.”

அந்த யாரோ யாரென்று அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பேஸ்டிங்கில் டேப்லெட் மனோரமாவின் பொறுப்பில் இருந்தது. குடியாத்தத்துக்காரி, நாற்பதைத் தாண்டியவள். வீட்டுக்காரர் பரந்தாமன் இரண்டு பவர்லூமில் லுங்கி நெய்கிறார். பதினான்கு வருடமாக சொல்யூஷன் பிரஷ் பிடிக்கிற கை. போன வருடம் பாதுகாப்புக் கமிட்டிக் கூட்டத்தில் புகையுறிஞ்சி ஃபேன் சரியாக ஓடுகிறதா என்று பெரிய மேனேஜர் கேட்டபோது, மற்றவர்கள் தலையாட்ட, இவள் எழுந்து, “ஃபேன் நல்லா சுத்துது சார், பொகதான் போவல” என்றாள். கூட்டமே சிரித்தது. மேனேஜர் சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்பு ஆபீசுக்கு இன்னும் ஞாபகமிருந்தது.

மனோரமாவை லைனிலிருந்து எடுத்து ஸ்டோர் ரூமில் உட்காரவைத்தார்கள். மற்றவர்கள் பதிலை மாற்றியதற்கோ மாற்றச் சொன்னதற்கோ திங்கட்கிழமைக்குள் விளக்கம் தராவிட்டால் வேலை இல்லை என்று கடிதம். தேவகிருபையிடம் வக்கார் அகமது, உன் விளையாட்டு, நீயே கண்டுபிடி என்றார்.

செக்கருக்கு இது பிடித்த வேலை. முதல் சந்தேகம் சிஸ்டம் பார்க்கும் தபரேஸ் மேல் விழுந்தது. பதிவுகளை எக்ஸெல்லில் இறக்குகிறவன் அவன்தான். அவனை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு அவன் நாற்காலியில் தானே உட்கார்ந்து டேப்லெட்டின் மூலப் பதிவையும் அவன் இறக்கியதையும் வரிவரியாக ஒத்துப் பார்த்தாள். அவன் சுவரில் சாய்ந்துகொண்டு, “பாருக்கா, நல்லா பாரு. பாத்துட்டு என் பையையும் கொட்டிப் பாத்துடு” என்றான். ஒரு எழுத்து மாறவில்லை. வக்கார் அகமது மேலேயே ஒரு நிமிடம் சந்தேகம் போயிற்று. ஆடிட் கெட்டால் முதல் அடி அவருக்குத்தான் என்பதால் அதைக் கைவிட்டாள்.

பிறகு நேரத்தைப் பார்த்தாள். ஒவ்வொரு பதிவுக்கும் நடுவில் நாலைந்து நிமிடம் இடைவெளி; கதையைப் படித்து ஆடினால் ஆகிற நேரம். ஆகவே மனோரமா தானே உட்கார்ந்து நாற்பத்தொரு பேருக்கும் அழுத்தித் தள்ளவில்லை. அந்தந்தப் பெண்தான் ஆடியிருக்கிறாள். கேன்டீனிலும் கைகழுவும் இடத்திலும் ஒவ்வொருத்தியாகப் பிடித்துக் கேட்டாள். எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: நான் மாஸ்க் படத்தைத் தொட்டேன், டிங் அடித்தது. வார்த்தை மாறாமல் சொன்னதுதான் அவளை உறுத்தியது. ஒரே மாதிரி பத்து ஜோடி வந்தால் ஒரே கை தைத்தது என்று அர்த்தம். சொல்லிக் கொடுத்தவள் இதையும் சேர்த்துத்தான் சொல்லிக் கொடுத்திருப்பாள்.

வெள்ளிக்கிழமை மதியம் டேப்லெட்டை எடுத்துக்கொண்டு ஸ்டோர் ரூமுக்குப் போனாள். மனோரமா அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். என் முன்னால் ஒரு தடவை ஆடிக் காட்டுங்க மனோக்கா என்று தேவகிருபை நீட்டினாள். மனோரமா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“இத தொட்டதுக்குத்தான் இங்க குந்த வச்சிருக்காங்க. இன்னொரு வாட்டி தொட்டு, அதையும் நீ எழுதிக்கினு போறதுக்கா?”

“தப்பு பண்ணலன்னா ஆடிக் காட்ட இன்னா பயம்?”

“நீ லைன்ல இருந்தப்ப ஷூவுல தப்பு தேடுன, சரி. இப்ப ஆளுங்க மேல ஸ்டிக்கர் ஒட்ட வந்துட்டியா?”

தேவகிருபை திரும்பி வந்துவிட்டாள். பயப்படுகிறவள்தான் கையைக் கட்டுவாள் என்று அவள் மனசுக்குள் முடிவு கட்டியாகிவிட்டது. அறிக்கையை எழுதவும் ஆரம்பித்தாள். மேலே மனோரமாவின் பெயரை எழுதினாள். ஆனாலும் சாட்சி ஒன்றும் இல்லாமல் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிப் பழக்கமில்லாததால், அன்று ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் கேட்டுக்குப் போய் ஓரமாக நின்றாள். மனோரமா வெளியே போகும்போது பேஸ்டிங் பெண்கள் யாரிடம் என்ன பேசுகிறாள், யாருக்குக் கண் காட்டுகிறாள் என்று பார்க்க வேண்டும்.

மனோரமா யாருக்கும் கண் காட்டவில்லை. தலையைக் குனிந்துகொண்டு வரிசையில் வந்தாள், கைரேகை மிஷினில் கட்டைவிரலை வைத்தாள், போனாள். பின்னால் பேஸ்டிங் பெண்கள். ஒவ்வொருத்தியும் விரலை வைத்தாள், போனாள். தேவகிருபை முகங்களைப் பார்த்து அலுத்துப்போய்க் கையைப் பார்த்தாள்.

டப், டப்.

பழைய ஆட்கள் யாரும் ஒரு தடவையோடு நிறுத்தவில்லை. மிஷின் ஏற்றுக்கொண்டதா இல்லையா என்று பார்க்கக்கூட இல்லை. வைத்து எடுத்து, அதே மூச்சில் மறுபடி வைத்தார்கள். டப், டப். அடுத்தவள், டப், டப். பேசிக்கொண்டே, சிரித்துக்கொண்டே, பையைத் தோள் மாற்றிக்கொண்டே இரண்டு தட்டு. அதன் பின்னால் வந்த ஸ்டிச்சிங் லைன் ஒரு தட்டோடு போயிற்று.

சொல்யூஷன் விரல் ரேகையைத் தின்றுவிடும் என்பது கம்பெனியில் எல்லாருக்கும் தெரியும். காய்ந்த பசையை உரிக்க உரிக்க விரல் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். மிஷின் முதல் தடவை அந்த விரலை அடையாளம் காணாது. வருடக்கணக்காக அப்படி வைத்து வைத்து, பேஸ்டிங் பெண்களுக்கு எதைத் தொட்டாலும் இரண்டு தடவை தொடுகிற கை வந்துவிட்டது. புதிதாக வந்த ஐந்து பேருக்கு மட்டும் ரேகை இன்னும் அழியவில்லை. அவர்கள் ஒரு தட்டிலேயே போனார்கள்.

அவள் பயிற்சி அறைக்குத் திரும்பிப் போய் டேப்லெட்டை எடுத்து மாஸ்க் படத்தை டப், டப் என்று தொட்டாள். டிங், டிங். பச்சைக் குறி மலரத் தொடங்கியதும் மறைந்தது. சத்தம் மட்டும் கேட்ட காதுக்கு வேலை முடிந்தது என்றுதான் தோன்றும். டப்பாவில் ‘ஆம்’ விழுந்து, அரை நொடியில் ‘இல்லை’ என்று திரும்பியிருந்தது. மூன்று தடவை தொட்டவளுக்குத்தான் அங்கொன்று இங்கொன்று ‘ஆம்’. குறி அழகாக மலரட்டும் என்று அவளே மெனக்கெட்டு மெதுவாக்கி வைத்தது. திருப்பிப் போடுகிற பட்டனும் அவள் வைத்ததுதான்.

லைனில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு: தைத்தவள் தன் ஜோடியைத் தானே செக் செய்யக் கூடாது. அவள் எத்தனையோ பேரிடம் அதைச் சொல்லித் திட்டியிருக்கிறாள். இந்த ஒரு ஜோடியை மட்டும் அவளே தைத்து அவளே இருபது தடவை பார்த்து அவளே பாஸ் போட்டிருந்தாள். அவள் விரலில் ரேகை அப்படியே இருந்தது.

திருத்துவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு படத்துக்குப் பதில் ‘தந்தார்கள்’, ‘தரவில்லை’ என்று இரண்டு பட்டன். எத்தனை தடவை தொட்டாலும் தொட்டதுதான் பதில். திருத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள். இதோடு விட்டால் யாருக்கும் தெரியாது. தபரேஸுக்கு உள்ளே இருக்கிற வரி புரியாது. மனோரமா போய்விடுவாள், நிரந்தர ஆர்டர் வந்துவிடும். சனிக்கிழமை முழுக்க மனோரமா பெயர் எழுதிய அறிக்கையைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவளுக்கு அன்றைக்குத் தன் மேல்தான் சந்தேகம்: இவள் சொல்வாளா, அமுக்கிவிடுவாளா. ஞாயிறு ஆராதனையில் என்ன பிரசங்கம் என்று கேட்டால் இன்றைக்கும் அவளுக்குத் தெரியாது.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்குப் பழைய விளையாட்டு இருந்த டேப்லெட்டோடு வக்கார் அகமதுவின் அறைக்குப் போனாள். அவர் முன்னால் வைத்து, மாஸ்க் படத்தை இரண்டு தடவை வேகமாகத் தொடச் சொன்னாள். தொட்டார்.

“இப்ப இன்னா காட்டுது சார்?”

“ஒண்ணும் இல்லியே.”

“நீங்களும் மாஸ்க் தர்லன்னு சொல்லிட்டீங்க சார்.”

அவர் டேப்லெட்டை நகர்த்தினார். மனோரமாவைக் காப்பாற்ற நேற்று உட்கார்ந்து ஜோடித்த கதையா இது என்று கேட்டார். அந்தக் கேள்வியை அவள் எதிர்பார்த்திருந்தாள். அவர் இடத்தில் இருந்தால் அவளே கேட்டிருப்பாள். தபரேஸை வரவழைத்துக் கைரேகை மிஷினின் பதிவை எடுக்கச் சொன்னாள். யாருக்கு முதல் தடவை ஏற்கவில்லை என்று மிஷின் தேதியோடு எழுதி வைத்திருந்தது. அந்தப் பட்டியலில் பேஸ்டிங்கின் அதே நாற்பத்தொரு பேர். அந்த ஐந்து பேர் இல்லை. வக்கார் அகமது இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பேனாவால் ஒவ்வொரு பெயராக அடித்துக்கொண்டே வந்தார். கடைசிப் பெயரை அடித்ததும் பேனாவை மூடினார்.

“அப்ப தப்பு உன்னுது.”

“ஆமா சார். என்னுதுதான்.”

மனோரமாவுக்குக் கொடுத்த கடிதம் அன்று மதியமே திரும்பப் பெறப்பட்டது. அதைச் சொல்ல தேவகிருபைதான் ஸ்டோர் ரூமுக்குப் போனாள். பட்டன் செய்த தப்பு, மன்னித்துவிடுங்கள் என்றாள். மனோரமா ஏப்ரனைக் கட்டிக்கொண்டே கேட்டாள்.

“பட்டன் தப்பு, சரி. நீ எம்மேல சந்தேகப்பட்டியே, அது எந்தப் பட்டன் பண்ண தப்பு?”

 பதிலுக்கு நிற்காமல் லைனுக்குப் போய்விட்டாள்.

ஆடிட்டுக்கு முந்தின வாரம் பேஸ்டிங்கில் புது விளையாட்டு மறுபடி ஆடப்பட்டது. இந்தத் தடவை தேவகிருபையே பின்னால் நின்று ஒவ்வொரு விரலாகப் பார்த்தாள். முப்பத்தைந்து பேர் மாஸ்க் தந்தார்கள் என்றார்கள். பதினொரு பேர் தரவில்லை என்றார்கள். வக்கார் அகமது அந்தப் பதினொரு பெயரையும் பேனாவால் சுழித்தார்.

“மறுபடியும் பட்டனா?”

“இல்ல சார். இந்த வாட்டி அவங்களேதான் சொல்றாங்க.”

விசாரித்ததில், மாதத்துக்கு ஒரு மாஸ்க் என்று கையெழுத்து வாங்கியிருந்தது; ஆனால் இரண்டாம் ஷிஃப்டுக்கு இரண்டு மாதமாக ஸ்டாக் வரவே இல்லை. கையெழுத்து மட்டும் மொத்தமாக வாங்கியாகிவிட்டது; அதற்குப் பயந்துதான் முதல் தடவை அவர்களும் மாஸ்க் படத்தைத் தொட்டிருந்தார்கள். ஆடிட்டுக்கு நாலு நாள் முன்னால் பெட்டி பெட்டியாக மாஸ்க் வந்து இறங்கியது. அந்தப் பதினொரு பேரை யார் தூண்டினார்கள் என்று ஆபீசில் சிலர் இன்னும் பேசிக்கொள்கிறார்கள். பெயர் கேட்டால் சொல்ல மாட்டார்கள்.

தேவகிருபை இப்போது அதே கம்பெனியின் பயிற்சி அறையில் வேலை செய்கிறாள். தற்காலிக ஆர்டரை இன்னொரு ஆறு மாதத்துக்கு நீட்டியிருக்கிறார்கள், நிரந்தரம் வரவில்லை. தபாலில் எம்.சி.ஏ. முதல் வருடம் படிக்கிறாள். மனோரமா பேஸ்டிங் லைனில் இருக்கிறாள். இருவரும் ஒரே கம்பெனி பஸ்ஸில் வந்தாலும் பேசிக்கொள்வதில்லை.